இளம் இதய மருத்துவர்கள் எங்களிடமும் உங்களிடமும் கற்பவை

“காலையில ஒரு டாக்டர் வந்து அரை மணி நேரம் எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாரே, இப்ப நீங்களும் அதையே கேக்குறீங்களே?” எங்கள் இதயச் செயலிழப்புப் பிரிவில் வாரந்தோறும் ஒருவரேனும் இப்படிக் கேட்டுவிடுகின்றனர். சிலர் சிரித்துக்கொண்டு கேட்கின்றனர்; சிலர் சலித்துக்கொண்டு. காலையில் வந்தவர் பழகுவதற்காக அனுப்பப்பட்ட மாணவர் என்று எண்ணி, பாதி விடைகளைப் ‘பெரிய டாக்டருக்காக’ எடுத்துவைத்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த இளம் மருத்துவர் யார், எதைக் கற்க வந்திருக்கிறார், அதில் உங்கள் பங்கு என்ன என்பதை இவ்விதழில் விரிவாகக் கூற விரும்புகிறோம்.

அவர் மாணவர் என்பது பாதி உண்மைதான். எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பயிற்சிக் காலம் உட்பட ஐந்தரை ஆண்டுகள், பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்துக்கு மூன்று, இதயவியலில் டி.எம். பட்டத்துக்கு மேலும் மூன்று எனப் பதினொன்றரை ஆண்டுகளை முடித்தவர். நுழைவுத் தேர்வுகளுக்காகப் படித்த காலத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. மாரடைப்போடு வருபவருக்கு நள்ளிரவில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஸ்டென்ட் வைக்கத் தெரிந்தவர். அடுத்த மாதமே சொந்தமாகக் கிளினிக் தொடங்கும் தகுதி இருந்தும், இதயச் செயலிழப்பையும் இதய மாற்றுச் சிகிச்சையையும் மட்டும் கற்பதற்காக மேலும் ஓராண்டை ஒதுக்கியிருக்கிறார். இத்தகையோரை ‘ஃபெலோ’ என்கிறோம். அமெரிக்காவில் இத்துறை 2008-இல் இதயவியலின் தனிப்பிரிவாக ஏற்கப்பட்டு, 2010-இல் அதற்கான முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. ஆக, உலக அளவிலேயே இது இளைய துறைதான். எங்களிடம் வரும் ஃபெலோக்கள் ஆண்டின் பெரும்பகுதியை மாற்று அறுவை நடைபெறும் பெருநகர மையங்களிலும், சில வாரங்களைக் காரைக்குடியிலும் கழிக்கின்றனர். அறுவை அங்கே சில மணி நேரத்தில் முடிகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளும் பிந்திய ஆண்டுகளும் தேவகோட்டையிலும் கல்லலிலும் புதுவயலிலும் உள்ள வீடுகளில் அல்லவா கழிகின்றன?

முதலில் நோயின் பெயரைப் பற்றி ஒரு சொல். இதயச் செயலிழப்பு என்றவுடன் இதயம் நின்றுவிட்டது அல்லது நிற்கப்போகிறது என்று பலர் அஞ்சுகின்றனர். உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயம் தள்ள இயலாமல் போவதும், அதன் விளைவாக நுரையீரலிலும் கால்களிலும் வயிற்றிலும் நீர் தேங்குவதுமே இந்நோய். எக்கோ அறிக்கையில் ‘இ.எஃப். 30’ என்று எழுதியிருப்பதைக் கண்டு, இதயத்தில் முப்பது விழுக்காடுதான் உயிரோடு இருக்கிறது என எண்ணிக் கலங்கிய குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். நலமான இதயமும் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னுள் இருக்கும் இரத்தத்தில் 55 முதல் 70 விழுக்காட்டையே வெளியே தள்ளுகிறது. நூறு என்பது யாருக்கும் இல்லை. 30 என்றால் இதயத் தசை நலிந்திருக்கிறது என்று பொருள். உரிய மருந்துகளால் அந்த எண் உயர்வதும் உண்டு. எண் உயராமலே நோயாளி நன்கு நடமாடுவதும் உண்டு.

இந்தியாவில் 80 லட்சம் முதல் ஒரு கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். நாட்டில் ஓராண்டில் நடைபெறும் இதய மாற்று அறுவைகளோ சில நூறு மட்டுமே. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே எங்கள் பயிற்சியின் போக்கு விளங்கும். மாற்று இதயம் பற்றிக் கற்க வரும் ஃபெலோ, மாற்று இதயம் தேவைப்படாமல் ஒருவரைக் காப்பது எப்படி என்பதையே தம் நேரத்தின் பெரும்பகுதியில் கற்கிறார்.

அது எளிதன்று என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே உள்ளது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை மையமாகக் கொண்டு நடைபெற்ற தேசிய இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 53 மருத்துவமனைகளிலிருந்து 10,851 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களின் சராசரி வயது அறுபதை ஒட்டியது. பெரும்பாலோருக்கு நோயின் மூலம் இதயத் தமனி அடைப்பு. தசை நலிந்தோருள், நெறிமுறைகள் கூறும் மருந்துகளைப் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று மாதங்களுக்குள் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இறந்திருந்தனர். மருந்து இல்லாமையால் மட்டும் இது நேர்வதில்லை. பரிந்துரைக்கத் தயங்குவது, அளவை உயர்த்தாமல் விடுவது, நோயாளி இடையில் நிறுத்துவது ஆகிய மூன்றும் இதில் சேர்ந்துள்ளன.

தயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. எங்களுக்கு முந்திய தலைமுறை மருத்துவர்களுக்கு, நலிந்த இதயத்துக்குப் ‘பீட்டா பிளாக்கர்’ மருந்தை ஒருபோதும் தரக்கூடாது என்றே கற்பிக்கப்பட்டது. துடிப்பை மட்டுப்படுத்தும் மருந்து நலிந்த இதயத்தை மேலும் நலிவிக்கும் என்பது வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். 1970-களில் சுவீடனில் சில மருத்துவர்கள் சிறு அளவில் கொடுத்துப் பார்த்தனர். ஆயிரக்கணக்கானோரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் 1999-இல் வெளிவந்து, இம்மருந்து உயிர் காக்கிறது என்பதை ஐயமின்றி நிறுவின. சர்க்கரை நோய்க்கென உருவான ஒரு மாத்திரை வகை, சர்க்கரை இல்லாதவர்களின் இதயத்துக்கும் உதவும் என்பது 2019-இல் தெரியவந்தது. இன்று நான்கு வகை மருந்துகளைச் சேர்த்துத் தருகிறோம். சிறு அளவில் தொடங்கி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் பார்த்துப் பார்த்து உயர்த்த வேண்டும். ஸ்டென்ட் வைப்பதுபோல ஒரே நாளில் முடிந்துபோகும் வேலை அன்று. மாதக்கணக்கில் நீளும் பொறுமையான வேலை. கைத்திறனில் தேர்ந்த இளம் மருத்துவர்களுக்கு இப்பொறுமைதான் தொடக்கத்தில் மிகக் கடினமாக இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு.

குன்றக்குடிப் படிகளும் மோர் மிளகாயும்

“நடந்தால் மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டால், நம் ஊர்ப் பெரியவர்கள் “அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்பார்கள். நடப்பதையே குறைத்துக்கொண்டவருக்கு மூச்சு எப்படி வாங்கும்? ஆகவே ஃபெலோக்களை வேறுவிதமாகக் கேட்கச் சொல்கிறோம். “குன்றக்குடி மலைக்குக் கடைசியாக எப்போது ஏறினீர்கள்? எத்தனை இடத்தில் நின்றீர்கள்?” என்று கேட்டால் உண்மை வெளிவருகிறது. சென்ற பங்குனியில் நிற்காமல் ஏறியவர், தைப்பூசத்துக்கு அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தால், அவருடைய நோய் ஒரு படி முன்னேறியிருக்கிறது. நியூயார்க் இதயச் சங்கம் 1928-இல் வகுத்த நான்கு நிலைகளை உலகம் முழுவதும் இன்றும் பயன்படுத்துகின்றனர். அவற்றைக் குன்றக்குடிப் படிகளைக் கொண்டே கணித்துவிடலாம். முகப்பிலிருந்து பட்டாலை, வளவு கடந்து அடுப்படி வரை நீளும் பழைய வீடுகளும் எங்களுக்கு உதவுகின்றன. அடுப்படிக்குப் போய்வர ஆச்சி நடுவில் உட்காருகிறாரா என்று வீட்டாரைக் கேட்டால் போதும். இரவில் எத்தனை தலையணை, படுத்தவுடன் இருமல் வருகிறதா, மாலையில் செருப்பு இறுக்கமாகிறதா என்னும் கேள்விகளும் இவ்வகையினவே.

உப்பைப் பற்றிய உரையாடல் தனிக்கலை. அடையாளம் தெரியாதபடி ஒன்றைக் கூறுகிறோம். நீர் தேங்கி மூன்றாம் முறையாகச் சேர்க்கப்பட்ட ஒரு மூதாட்டியிடம், அப்போது எங்களோடு இருந்த ஃபெலோ கேட்டார்.

“ஆச்சி, சாப்பாட்டில உப்பு எப்படி?”

“உப்பே போடுறதில்லப்பா. நீங்க சொன்னதுலேர்ந்து குழம்புக்குக்கூட அரைக் கரண்டிதான்.”

“காலையில என்ன சாப்பிடுவீங்க?”

“கஞ்சிதான். வயசான காலத்துல வேற என்ன.”

“கஞ்சிக்குத் தொட்டுக்க?”

சிறிது மௌனத்துக்குப் பிறகு விடை வந்தது: மோர் மிளகாய் இரண்டு, இல்லாவிட்டால் வடுமாங்காய், ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தால் உப்புக்கண்டம். ஆச்சி பொய் சொல்லவில்லை. கையால் அள்ளிப் போடுவதுதான் அவருக்கு உப்பு. ஊறுகாயிலும் வற்றலிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் இருப்பது வேறொன்று. உலக நலவாழ்வு நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்கச் சொல்கிறது. அது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அந்தத் தேக்கரண்டியை அடுப்படிக்கு வெளியே தேடத் தெரிந்த மருத்துவரால்தான் நான்காம் முறை சேர்க்கையைத் தடுக்க இயலும். இது எந்தப் பாடநூலிலும் இல்லை. எங்கள் ஃபெலோக்களுக்கு ஆச்சிகள்தாம் இதற்கு ஆசிரியர்கள்.

இதே இடத்தில் இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறோம். கடைகளில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ நல்லது என எண்ணிச் சிலர் மாறிவிடுகின்றனர். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் இருக்கிறது. ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மருந்துகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. இரண்டும் சேர்ந்தால் துடிப்பே தடுமாறக்கூடும். நாள்தோறும் இளநீர் குடிப்பவர்களும் எங்களிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். மற்றொன்று மூட்டுவலி மாத்திரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்திவைத்து, சிறுநீரகத்தையும் வாட்டுகின்றன. பழனிக்குப் பாதயாத்திரை சென்று வந்தபின் மூச்சுத்திணறலோடு வருபவர்களிடம், நடந்த தூரத்தைக் கேட்குமுன் வழியில் விழுங்கிய மாத்திரைகளைக் கேட்கும்படி ஃபெலோக்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.

எப்போது ‘மாற்று’ என்னும் பேச்சை எடுப்பது?

ஓராண்டுப் பயிற்சியில் மிகக் கடினமான பாடம் இதுவென்று கருதுகிறோம். சீக்கிரம் எடுத்தால் மருந்துகளாலேயே தேறக்கூடியவரைத் தேவையின்றிக் கலக்குகிறோம். தாமதித்தால் மாற்றே இயலாமல் போகிறது. ஏன் இயலாமல் போகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இடப்பக்க இதயம் நெடுங்காலம் நலிந்திருந்தால், அதற்குள் செல்ல வேண்டிய இரத்தம் பின்னோக்கி அழுத்தி, நுரையீரல் இரத்தக்குழாய்களை இறுகச் செய்கிறது. நோயாளியின் சொந்த இதயத்தின் வலப்பக்கம் ஆண்டுக்கணக்கில் அவ்வழுத்தத்துக்குப் பழகிவிடுகிறது. புதிதாக வைக்கப்படும் இதயத்துக்கு அப்பழக்கம் இல்லை. திடீரென இறுகிய குழாய்களை எதிர்கொண்டால், எவ்வளவு நல்ல இதயமாயினும் அதன் வலப்பக்கம் அறுவை மேசையிலேயே தளர்ந்துவிடும். எனவேதான் கழுத்து நரம்பு வழியே மெல்லிய குழாய் செலுத்தி அந்த அழுத்தத்தை அளக்கிறோம். “அடைப்பு இல்லைன்னு முன்னாடியே சொன்னீங்களே, மறுபடி எதுக்கு டியூப்?” என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

தாமதமாகிறது என்பதற்கான அறிகுறிகளை ஃபெலோக்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். குடும்பத்தினரும் அறிந்திருப்பது நல்லது. ஓராண்டில் இரண்டாம் முறை மருத்துவமனைச் சேர்க்கை, நீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போவது, இரத்த அழுத்தம் தாழ்ந்து மற்ற மருந்துகளைக் குறைக்க நேர்வது, கிரியாட்டினின் உயர்வது, உடலில் பொருத்திய கருவி மீண்டும் மீண்டும் அதிர்ச்சி கொடுப்பது ஆகியவை தென்பட்டால், மாற்று மையத்தின் கருத்தைக் கேட்பதற்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அங்கே சென்றவுடன் அறுவை என்று பொருளன்று. ஆய்வுக்குச் சென்றவர்களில் பலர் மருந்துகள் சீரமைக்கப்பட்டுத் திரும்பி வருகின்றனர்.

நாற்பதுகளில் இருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவரை இங்கே நினைவுகூர்கிறோம், விவரங்களை மாற்றியிருக்கிறோம். நான்கு மருந்துகளும் தாங்கும் அளவுக்குக் கொடுக்கப்பட்டும் ஓராண்டில் மூன்று முறை சேர்க்கப்பட்டார். மாற்று பற்றிப் பேச வேண்டிய கட்டம். அவருடைய மனைவி ஃபெலோவைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, “சார், அவர்ட்ட மட்டும் இதைச் சொல்லிறாதீங்க, மனசு விட்டுருவாரு” என்று கைகூப்பினார். அன்று மாலை, மனைவி டீ வாங்கச் சென்ற நேரத்தில் அவர் அதே ஃபெலோவிடம் கேட்டார்: “சார், எனக்கு இன்னும் எத்தனை நாளு? எங்க வீட்ல சொல்லாதீங்க, அவ தாங்கமாட்டா.” ஒருவரையொருவர் காப்பதாக எண்ணிக்கொண்டு இருவரும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தனர். இத்தகைய தருணத்துக்கென நாங்கள் கற்பிக்கும் முறை எளியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும், கைபேசியை அணைக்க வேண்டும், இருவரையும் ஒரே அறையில் அமர்த்தி, “உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?” என்று அவரையே முதலில் பேசவிட வேண்டும். அன்று ஃபெலோ அவ்வாறே செய்தார். ஓட்டுநர் பேசி முடித்தபோது, மருத்துவர் கூடுதலாகச் சொல்ல வேண்டியது மிகக் குறைவாகவே இருந்தது.

அதன்பின் எழுந்த கேள்விகள் வேறு வகையானவை. சென்னை நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இதயம் கிடைத்ததென்று அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் மையத்தில் இருக்க வேண்டும். ஆதலால் மையத்துக்கு அருகில் வாடகைக்கு அறை, உடன் தங்க ஒருவர், இங்கே பிள்ளைகளின் பள்ளி, லாரிக் கடன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கும் இடம் உண்டு. ஆயினும் அறை வாடகைக்கும் இழந்த கூலிக்கும் காப்பீடு இல்லை. இவற்றை விசாரிப்பது சமூகப் பணியாளரின் வேலை என்று ஃபெலோ ஒதுங்கிவிடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. யார் உடன் இருப்பார், மாத்திரையை யார் எடுத்துத் தருவார் என்பன, இரத்த வகையைப் போலவே மாற்றின் வெற்றியைத் தீர்மானிக்கும் செய்திகள். இதை எழுதும்போது அவர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்.

ஓர் இதயம் வரும் வழி

இதய மாற்றின் வரலாற்றைக் கூறும்போது பலர் அறுவை நிபுணர்களை மட்டும் கூறுவார்கள். 1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் மனித இதய மாற்றைச் செய்தார். நோயாளி 18 நாள்கள் வாழ்ந்தார். சில வாரங்களிலேயே, 1968 பிப்ரவரியில், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பி.கே. சென் இந்தியாவின் முதல் முயற்சியைச் செய்தார். நோயாளி சில மணி நேரமே வாழ்ந்தார். அந்த ஓராண்டில் உலகெங்கும் நூறு அறுவைகளுக்கு மேல் நடந்தன. பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தனர். மையங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. கையால் செய்ய வேண்டியது அப்போதே தெரிந்திருந்தது. புதிய இதயத்தை உடல் எதிர்ப்பதை முன்கூட்டியே அறிவதும், கிருமித்தொற்றை வரவழைக்காமல் அவ்வெதிர்ப்பை அடக்குவதும்தான் தெரியவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வேயின் குழு விடாமல் உழைத்தது. கழுத்து நரம்பு வழியே இதயத் தசையின் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறை 1970-களில் அங்கேதான் உருவாயிற்று. 1980-களில் சைக்ளோஸ்போரின் மருந்து வந்தது. இன்று உலகப் பதிவேட்டின்படி மாற்று பெற்றோரில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் ஓராண்டைக் கடக்கின்றனர். பாதிப் பேர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். ஃபெலோ கற்கவேண்டியவை இந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கண்டறியப்பட்டவையே.

நம் நாட்டில் மூளைச்சாவை ஏற்கும் சட்டம் 1994-இல் வந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 3 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பி. வேணுகோபால் தலைமையில் வெற்றிகரமான மாற்று நடந்தது. 1990-களிலேயே சென்னையில் கே.எம். செரியனும் செய்தார். தமிழ்நாட்டு மக்கள் மனத்தில் இது பதிந்தது 2008 செப்டம்பரில். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை வழங்கினர். காவல்துறை சாலைகளை விலக்கித் தர, அவ்விதயம் சென்னை நெரிசலைப் பதினொரு நிமிடங்களில் கடந்து ஒரு சிறுமிக்குச் சேர்ந்தது. அவ்வாண்டே மாநில அரசின் உறுப்புக் கொடைத் திட்டம் உருப்பெற்றது. 2023 செப்டம்பர் 23 முதல், உறுப்புக் கொடை வழங்கியோரின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படுகிறது. நம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் அம்மரியாதையைக் கண்டவர்கள் அதை மறப்பதில்லை.

கொடை பற்றிக் கேட்கப்படும் குடும்பங்களின் ஐயம் பெரும்பாலும் ஒன்றே: ‘காப்பாற்ற முடிந்தும் விட்டுவிடுவார்களோ?’ மூளைச்சாவைச் சட்டப்படி நான்கு மருத்துவர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்த எவரும் அதில் இருக்கக் கூடாது. எங்கள் ஃபெலோவும் அவ்வறைக்குள் செல்வதில்லை. உடலைவிட்டு எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் துடிக்க வேண்டும். மதுரை விமான நிலையத்துக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் இங்கிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் அளவில் சாலை. அங்கிருந்து சென்னைக்கு வானூர்தி. இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கச் சொன்னால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் யார் பொறுப்பு என்பதை இளம் மருத்துவர்கள் தாமே உணர்ந்துகொள்கின்றனர்.

மாற்று பெற்றவர் ஊர் திரும்பியபின் தொடங்கும் பாடம் எங்களிடம் நடக்கிறது. புதிய இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 வரை துடிக்கும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. மாடிப்படி ஏறத் தொடங்கினால் உடனே வேகம் கூடாது, மெல்லத்தான் கூடும். ஆகவே ஏறுமுன் சிறிது நடந்து பழக வேண்டும். பின்னாளில் அதன் தமனிகளில் அடைப்பு ஏற்பட்டாலும் பெரும்பாலும் நெஞ்சுவலி தோன்றாது. ‘வலியே இல்லை, எதற்கு ஆண்டுதோறும் சோதனை?’ என்று கேட்பவர்களுக்கு ஃபெலோ இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். டாக்ரோலிமஸ் மாத்திரை பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், வாழ்நாள் முழுதும். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம்; அதன் இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் இரத்தத்தில் அம்மருந்தின் அளவை ஏற்றிவிடும். எங்களைக் கேட்காமல் நாட்டு மருந்தோ, வேறு எந்த ஆன்டிபயாட்டிக்கோ வேண்டாம். மறுபரிசோதனைக்கு விடியற்காலைப் பல்லவன் விரைவு வண்டியில் சென்னை செல்பவர்கள், அன்று இரத்தத்தில் மருந்தளவு பார்க்க வேண்டியிருப்பதால், காலை மாத்திரையை விழுங்காமல் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். இரத்தம் எடுத்தபின் விழுங்கலாம்.

மாற்று யாருக்கு உரியதன்று என்பதைச் சொல்லும் துணிவும் பயிற்சியில் அடங்கும். எழுபதைக் கடந்து, சிறுநீரகமும் தளர்ந்த ஒரு பெரியவருக்காகச் சிங்கப்பூரிலிருந்து மகன்கள் அழைக்கின்றனர்: “எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை டாக்டர், ஹார்ட்டை மாத்திடலாம்.” தொலைவில் இருக்கும் பிள்ளைகளின் தவிப்பு எங்களுக்குப் புரிகிறது, இவ்வூரில் அது பல வீடுகளின் கதை. ஆனால் அந்த உடல் அவ்வறுவையைத் தாங்காது. ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைக்க ஃபெலோவை நாங்கள் விடுவதில்லை, ஏனெனில் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மூச்சுத்திணறலையும் பதற்றத்தையும் தணிக்கும் மருந்துகள், வீட்டிலேயே நீர் குறைக்கும் ஊசி, உடலில் உள்ள கருவியின் அதிர்ச்சியை இறுதி நாள்களில் நிறுத்திவைப்பது பற்றிய முடிவு, எல்லாவற்றுக்கும் மேலாக அவரிடமே கேட்பது. அப்பெரியவர் கேட்டது இரண்டே: ஐ.சி.யு. வேண்டாம்; கட்டிலை முகப்புக்கு மாற்றிப் போட்டால் தெருவில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இனி எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது சிலவற்றைக் கொண்டுவர வேண்டுகிறோம். வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளும், நிறுத்தியவையும் சேர்த்து, அட்டையோடு ஒரு மஞ்சள் பையில். நாள்தோறும் காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்குமுன் எடுத்த உடல் எடையைக் குறித்த நோட்டுப் புத்தகம். மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடியிருந்தால் முறை வரும்வரை காத்திராமல் அன்றே தொலைபேசியில் அழையுங்கள். சமைப்பவர் யாரோ அவரும் உடன் வரட்டும். உப்பைப் பற்றி அவரிடமும் பேச வேண்டியிருக்கிறது. ஃபெலோ முதலில் அமர்ந்து பேசுவார். பிறகு அவர் கண்டவற்றை எங்கள் முன்னிலையில் கூறுவார். அவர் சொல்வதில் ஏதேனும் விடுபட்டாலோ தவறாக இருந்தாலோ இடைமறித்துத் திருத்துங்கள், அவர் வருந்தமாட்டார். அவரிடம் சொல்ல விரும்பாத செய்தி இருந்தால், அல்லது மூத்த மருத்துவர் மட்டுமே சோதிக்க வேண்டும் என்று விரும்பினால், முன்வரிசையில் இருக்கும் செவிலியரிடம் ஒரு சொல் கூறினால் போதும். அதனால் உங்கள் முறை பின்னுக்குத் தள்ளப்படாது.